கல்யாண மேக்கப்: ஆள் வைப்பதா, நாமே போட்டுக்கொள்வதா?

ஜூன் 4 (கேள்வி: மன்னார்குடிப் பெண்)

ஆவணியில், ஆகஸ்ட் கடைசி வாரம் எனக்குக் கல்யாணம். முந்தின நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை 6 முதல் 7:30 முகூர்த்தம். மேக்கப் ஆர்ட்டிஸ்ட் இரண்டு வேளைக்கும் சேர்த்து 32,000 ரூபாய் கேட்கிறார். ஆபீஸுக்குப் போகிற அளவுக்கு மேக்கப் எனக்கே தெரியும். பழகினால் நானே போட்டுக்கொள்ள முடியாதா? அம்மா கூடவே கூடாது என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு (பதில்; இனி வருவதெல்லாம் இவரே எழுதியது)

முடியும். 2018 வைகாசியில் கும்பகோணத்தில் நடந்த என் கல்யாணத்துக்கு முகத்துக்கு நானேதான் போட்டுக்கொண்டேன். ஹோமப் புகை, வைகாசி வெயில், மண்டபத்தில் ஏசி கிடையாது. மதியப் பந்தி வரைக்கும் நின்றது. அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஜூன் 5, காலை

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். "முகத்துக்கு" என்ற வார்த்தையை நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் என் தப்பு. தலைக்கும் புடவைக்கும் ஆள் வைத்திருந்தேன். எங்கள் தெருவில் பார்லர் நடத்திய அக்கா, 4,500 ரூபாய் வாங்கினார். அந்தப் பணத்துக்கு அவர் செய்ததை என்னால் பத்து மாதம் பழகினாலும் செய்திருக்க முடியாது.

சவுரி வைத்துப் பின்ன வேண்டும். பின்னல் மேல் பூ ஜடை தைக்க வேண்டும். உச்சியில் ராக்கொடி, வகிட்டின் இரண்டு பக்கமும் சூரியப்பிறை சந்திரப்பிறை, நெற்றிச்சுட்டி, பின்னலில் பில்லை, அடியில் குஞ்சலம். இத்தனை கனமும் நம் முடியிலும் ஊசியிலும்தான் நிற்கிறது. என் தலையில் மட்டும் 60 ஊசி இருந்தது. கையைத் தூக்கியபடி, கண்ணுக்குத் தெரியாத பின்னந்தலையில் ஒன்றரை மணி நேரம் யாரால் வேலை செய்ய முடியும்?

ஆகவே "ஆளா, நானா" என்று ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். முகம், தலை, புடவை மூன்றும் தனித்தனி வேலை, மூன்றுக்கும் விலையும் தனித்தனி. அந்த 32,000-இல் எது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பிரித்துச் சொல்ல மாட்டேன் என்றால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

ஜூன் 5, மதியம்

பூ, போக்குவரத்து, தங்கும் அறை, உதவியாளருக்குக் கொடுப்பது, அம்மாவுக்கும் அண்ணிக்கும் புடவை கட்டிவிடுவது. இதெல்லாம் சேர்த்தியா, தனியா என்றும் கேட்டுவிடுங்கள். என் தங்கை கல்யாணத்தில் இந்த "தனி" மட்டும் 7,000 ஆனது.

ஜூன் 8

ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் நேரம் கிடைத்தது. முகூர்த்தக் காலையை அப்படியே எழுதுகிறேன், எங்கே இடிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆறு மணிக்கு மணமேடை என்றால் ஐந்தரைக்குத் தயாராக இருக்க வேண்டும். முகத்துக்கு ஒன்றேகால் மணி, தலைக்கு ஒன்றரை மணி, புடவைக்கும் நகைக்கும் முக்கால் மணி. இரண்டு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். வரவேற்பு முடிந்து, போட்டோ எடுத்து, சாப்பிட்டுப் படுக்கும்போதே பதினொன்றரை ஆகியிருக்கும். இரண்டரை மணி நேரத் தூக்கத்தில் கண் வீங்கியிருக்கும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் கண்மேல் வைத்துக்கொண்டால் வடியும்.

மேடைக்குப் போனபிறகு புகை. கண் எரியும், தண்ணீர் வரும். துடைக்கக் கூடாது, டிஷ்யூவை மடித்து அதன் ஓரத்தால் கண்ணுக்குக் கீழே ஒற்றி எடுக்க வேண்டும். இதை உங்கள் பக்கத்தில் நிற்கப்போகிற தோழிக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். என் சித்தி பாசத்தில் முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டார், இடது கண் மை கன்னம் வரைக்கும் வந்தது.

அப்புறம் கூறைப்புடவை. பிள்ளை வீட்டார் கொடுத்த புடவையைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் ஆசி வாங்கிக் கையில் கொடுப்பார்கள். உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தால்தான் தாலி. வாத்தியார் "பெண் எங்கே, நேரமாகுது" என்று மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். கழுத்து மாலையைக் கழற்றி, ஒட்டியாணத்தை எடுத்து, கட்டியிருந்த புடவையை அவிழ்த்து, புதுப்பட்டு கட்டி, எல்லாவற்றையும் திரும்பப் போட்டு, வியர்த்த முகத்தைச் சரிபண்ணி வெளியே வர எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்தார்கள். அந்தப் பார்லர் அக்கா இல்லாமல் இருந்திருந்தால் என் பாடு என்னவாகியிருக்கும்! முதல் நாள் பேசும்போதே "கூறைப்புடவை மாற்றுகிற வரைக்கும் நீங்கள் இருக்க வேண்டும்" என்று நான் சொல்லிவைத்திருந்தேன். நிறைய பேர் ஐந்தரைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த மண்டபத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

தாலி கட்டியபிறகு மாப்பிள்ளை வகிட்டில் குங்குமம் வைப்பார். பாதி மூக்கின்மேல் உதிரும். அந்த நேரத்தில் கேமரா உங்கள் முகத்துக்கு நேராக இருக்கும். தேய்த்தால் சிவப்பாகப் பரவிவிடும். சுத்தமான பஞ்சுப் பிரஷ் ஒன்றைத் தோழி கையில் வைத்திருந்து, தட்டிவிட வேண்டும்.

ஜூன் 9

கூறைப்புடவை முறை எல்லார் வீட்டிலும் ஒன்றுபோல இல்லை, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சில வீட்டில் கூறைப்புடவையிலேயே மேடைக்கு வந்துவிடுவார்கள், சில வீட்டில் ஒன்பது கஜம். உங்கள் இரு வீட்டிலும் கேளுங்கள். அந்தப் புடவையை முதல் நாளே மடிப்பெடுத்து அயர்ன் பண்ணி வைக்கலாமா என்பதையும் மாமியாரிடம் கேட்டுவிடுங்கள். சில பெரியவர்களுக்கு அது பிடிக்காது. அனுமதி கிடைத்தால் ஐந்து நிமிஷம் மிச்சம்.

கூறைப்புடவை என்று பேரே மாயவரத்துக் கூறைநாட்டிலிருந்து வந்ததுதான். எங்கள் பாட்டியின் புடவை அங்கே நெய்தது, கட்டம் போட்டது, பருத்தியும் பட்டும் கலந்தது. இப்போது அந்தத் தறிச் சத்தம் குறைந்துவிட்டது. சரி, இது வேறு பேச்சு.

ஜூன் 15

"அப்படியானால் தங்கைக்கு ஏன் ஆள் வைத்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2023-இல் அவள் கல்யாணத்துக்கு 28,000 கொடுத்து வைத்தோம். அவளுக்குப் பவுடர் போடவே பொறுமை கிடையாது, அதனால் சரி என்று எல்லாருக்கும் தோன்றியது. ட்ரையல் பார்க்கவில்லை. அது எங்கள் தப்பு, இன்றும் மனசு ஆறவில்லை.

அன்றைக்கு வந்தது பேசிய ஆள் இல்லை, அவருடைய உதவியாளர். பெரிய முகூர்த்த நாள், அந்த ஆர்ட்டிஸ்டுக்கு அதே காலையில் இன்னும் இரண்டு மண்டபம். வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும், பாவம், தூக்கமே இல்லாமல் வந்திருந்தாள். பெட்டியில் இரண்டே ஃபவுண்டேஷன், இரண்டும் தங்கையின் நிறத்துக்கு மிகவும் வெளுப்பு. என் தங்கை நல்ல கறுப்பு, அழகான கறுப்பு. அந்த வெளுப்பைப் பூசியதும் முகம் சாம்பல் பூத்துவிட்டது. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணி வைத்த கை இன்னொரு நிறம். நான் சொன்னதற்கு "போட்டோவில் ப்ரைட்டா வரும் அக்கா" என்றாள். போட்டோவில் சாம்பலாகத்தான் வந்தது. ஆல்பத்தை என் தங்கை இதுவரை இரண்டு தரம்கூடத் திறக்கவில்லை.

கறுப்பாகப் பிறந்த பெண்ணை அவள் கல்யாணத்தன்று வேறொருத்தியாக மாற்றுவதற்குப் பேர் மேக்கப் இல்லை. யாரிடம் போனாலும் உங்கள் நிறத்துக்குச் சரியான ஃபவுண்டேஷன் அவரிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் கழுத்தோடு மறைய வேண்டும். "ரெண்டு ஷேடு ஏத்திப் போடலாம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது பேர் தெரியாத டப்பாவில் வெளுப்பு க்ரீம் வாங்கித் தருகிற சொந்தக்காரர்களும் வருவார்கள். அப்படிப்பட்ட சில க்ரீம்களில் பாதரசம் இருக்கும், அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தில் மலப்புரம் பக்கம் அப்படிச் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றி மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். தொடவே தொடாதீர்கள்.

ஜூன் 16

நேற்றுக் கோபத்தில் எழுதினேன். கோபம் சரிதான், ஆனால் தொழில் தெரிந்தவர்களுக்கு நியாயம் செய்யவில்லை.

என் சித்தி மகளுக்குக் கன்னம் முழுக்கப் பருத்தழும்பு. அவள் கல்யாணத்துக்குத் திருச்சியிலிருந்து ஒரு அம்மா வந்தார். தழும்பின் சிவப்புக்கு முதலில் பச்சை கலந்த கன்சீலர் (கறையை மறைக்கும் பூச்சு), கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்துக்கு ஆரஞ்சு. பச்சையும் ஆரஞ்சுமாக முகத்தைப் பார்த்து அவள் அம்மாவே பயந்துபோனார். அதன்மேல் ஃபவுண்டேஷனை மெல்லிசாக, மெல்லிசாக, மூன்று அடுக்காக ஒற்றி எடுத்தார். முடித்தபோது அது அவள் முகமாகவே இருந்தது, தழும்பு மட்டும் இல்லை. சிவப்பைப் பச்சை அடக்கும், நீலக் கறுப்பை ஆரஞ்சு அடக்கும் என்பது எனக்கும் தெரியும். எந்த இடத்தில், எவ்வளவு என்பது அவர் விரலுக்குத் தெரியும். அதற்கு அவர் கேட்ட காசு தகும்.

ஜூன் 29

ட்ரையல் பற்றி. நீங்களே போட்டாலும், ஆள் போட்டாலும், கல்யாணத்துக்கு முன் முழு ட்ரையல் ஒன்று கட்டாயம். நான் ஐந்து முறை போட்டுப் பார்த்தேன். முதல் முறை இரண்டரை மணி நேரம், ஐந்தாம் முறை ஒரு மணி பத்து நிமிஷம்.

அறை விளக்கில் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். ஃபவுண்டேஷன் பூசி அரை மணி கழித்து வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள், சிலது காற்றுப் பட்டதும் ஒரு படி கறுத்துவிடும். பிறகு இருட்டறையில் ஃப்ளாஷ் போட்டு ஒரு போட்டோ. சன்ஸ்கிரீன் கலந்த ஃபவுண்டேஷனில் துத்தநாக ஆக்ஸைடோ டைட்டானியம் டை ஆக்ஸைடோ இருந்தால் ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து முகம் வெள்ளையடித்ததுபோல வரும். வெள்ளையாக இருக்கும் சில சிலிக்கா பவுடரும் அப்படியே. கண்ணாடியில் தெரியாது, போட்டோவில்தான் தெரியும். என் மூன்றாவது ட்ரையலில் இதனால்தான் காம்பாக்டை மாற்றினேன்.

ஃபவுண்டேஷனுக்கு முன்னால் பூசுகிற பிரைமர் சிலிகான் கலந்ததாக இருந்து, அதன்மேல் தண்ணீர் கலந்த ஃபவுண்டேஷன் போட்டால் திரிதிரியாக உருண்டு வரும். இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும்.

ட்ரையல் போட்ட முகத்தோடு கேஸ் அடுப்புக்கு முன்னால் நின்று அரை மணி சமையல் பண்ணுங்கள். எனக்கு இதுதான் ஹோமப் பரீட்சையாக இருந்தது. வியர்வைக்கு மேல் பவுடரை அடித்துக்கொண்டே போனால் அப்பிக்கொள்ளும். முதலில் டிஷ்யூவால் ஒற்றி, பிறகு மூக்கும் நெற்றியும் மட்டும் கொஞ்சம் பவுடர்.

ஜூலை 6

மருதாணி பற்றி ஒருவர் கேட்டதால் பேச்சு இங்கே திரும்புகிறது. இரண்டு நாள் முன்னதாக வையுங்கள், எடுத்த அன்றைக்கு ஆரஞ்சாக இருக்கும், ஒன்றிரண்டு நாளில் கருஞ்சிவப்பாகும். உடனே கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கிற கோன் வேண்டாம். முடிச்சாயத்தில் போடுகிற பிபிடி என்ற ரசாயனம் அதில் இருக்கலாம், கை கொப்புளித்துவிடும். அந்தக் கையில்தான் மாப்பிள்ளை மோதிரம் போட வேண்டும்.

ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிய இடம் வெளுத்துப்போகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பசையில் இருக்கும் ஒரு பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒட்டு இமைக்கும் பசை உண்டு. எதுவானாலும் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஜூலை 20

உங்கள் இரண்டாவது ட்ரையல் போட்டோ பார்த்தேன். தோல் நன்றாக வந்திருக்கிறது, நிறம் கழுத்தோடு சேர்ந்திருக்கிறது. இடது கண் ஐலைனர்தான் வலதைவிடத் தடித்துவிட்டது. வலது கைக்காரர்களுக்கு அப்படித்தான் வரும். கண்ணாடியைக் கன்னத்து உயரத்துக்கு இறக்கிவைத்துக் கீழ்நோக்கிப் பார்த்தபடி போடுங்கள், முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள்ளுங்கள். இல்லை என்றால் காஜல் பென்சிலால் தேய்த்துவிட்டு, லைனரையே விட்டுவிடலாம்.

ஒரு மணி ஐம்பது நிமிஷம் எடுத்தது என்கிறீர்கள். ஆகஸ்டுக்குள் குறையும்.

ஜூலை 21

நேற்றிரவு நீங்கள் எழுதியதைக் காலையில்தான் பார்த்தேன். அப்பா போன வருஷம் தவறிவிட்டார், மாமாதான் தாரை வார்த்துக்கொடுக்கப் போகிறார், அதை நினைத்தாலே கை நடுங்குகிறது என்று.

இதுவரை நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.

முகூர்த்தத்துக்கு ஆள் வையுங்கள். முகம், தலை, புடவை மூன்றுக்கும். அந்த இரண்டு மணிக்கு எழுந்து, அப்பா இல்லாத வீட்டில், நடுங்குகிற கையோடு நீங்கள் கண்ணுக்கு மை எழுத வேண்டாம். உங்களுக்குத் திறமை இல்லை என்று சொல்லவில்லை, போட்டோவிலேயே திறமை தெரிகிறது. ஆனால் அந்த வேளையில் உங்களுக்கு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள ஓரிடம் வேண்டும். எனக்கு அப்பா பக்கத்து அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார், அந்தத் தெம்பில் நான் போட்டுக்கொண்டேன். அதை நான் கணக்கில் சேர்க்காமலேயே ஜூன் 4-ஆம் தேதி "தைரியமாகச் சொல்லுங்கள்" என்று எழுதிவிட்டேன்.

வரவேற்புக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: வரவேற்பில் போட்டோ அதிகம் என்று அதற்குப் பெரிய ஆளை வைப்பார்கள், முகூர்த்தத்துக்கு எளிமை போதும் என்பார்கள். மாலையில் அவசரம் கிடையாது. நாலு மணிக்கு உட்கார்ந்தால் ஆறரை வரை நேரம் இருக்கிறது. தோழிகள் கூட இருப்பார்கள், லைனர் கோணினால் துடைத்து மறுபடி போடலாம். வரவேற்புக்குப் பூ ஜடை தேவையில்லை, கொண்டையோ தளர்ந்த பின்னலோ தோழியே போட்டுவிடுவாள்.

காலையில் அழுகை வந்தால் அழுங்கள். வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா அதற்குத்தான்.

ஜூலை 22

மஸ்காராவை உங்கள் காசில் புதிதாக வாங்கி அந்த ஆளிடம் கொடுங்கள். நாலு பெண்களின் கண்ணில் பட்ட பிரஷ் உங்கள் கண்ணுக்கு வேண்டாம். அதேபோல உங்கள் நிறத்துக்கு நீங்களே தேடிக் கண்டுபிடித்த ஃபவுண்டேஷனையும் கொடுத்து அதையே போடச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 3

ஊரிலேயே பார்லர் வைத்திருக்கும் அக்கா 12,000-க்கு முகூர்த்தம் முழுவதையும் ஒப்புக்கொண்டது நல்ல செய்தி. ட்ரையலும் பார்த்துவிட்டீர்கள், உங்கள் ஃபவுண்டேஷனையே போடுகிறேன் என்கிறார். அன்று காலை வேறு மண்டபம் இல்லை என்பதையும், கூறைப்புடவை வரை இருப்பார் என்பதையும் வாட்ஸப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சில் எங்களுக்கு நடந்தது போதும்.

அம்மா சமாதானம் ஆனாரா? அவருக்கும் அன்றைக்கு அதே அக்காவிடம் புடவை கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், நீங்கள் தயாராகிற அறையிலேயே அவர் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 17

நலங்கு மஞ்சள்! இதை எப்படி மறந்தேன். முகத்தில் மஞ்சள் ஏறியிருந்தால் நாம் பார்த்துவைத்த ஃபவுண்டேஷன் நிறம் ஒத்துப்போகாது. எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் போகாது, மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். தேங்காயெண்ணெய் தடவி, ஐந்து நிமிஷம் கழித்துத் துணியால் துடைத்து, கடலைமாவு போட்டுக் கழுவுங்கள். நலங்கும் வரவேற்பும் ஒரே நாள் என்றால் காலையிலேயே நலங்கை முடிக்கச் சொல்லுங்கள். முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு போக நேரம் வேண்டும்.

த்ரெடிங், ஃபேஷியல் எதுவானாலும் ஒரு வாரம் முன்னால் முடித்துவிடுங்கள். கடைசி இரண்டு நாளில் புதிதாக எதையும் முகத்தில் பூச வேண்டாம்.

ஆகஸ்ட் 25

தோழி கையில் ஒரு சின்னப் பை: டிஷ்யூ, காம்பாக்ட், உதட்டுச் சாயம், பஞ்சுப் பிரஷ், ஊக்கு, கொண்டை ஊசி, தலைவலி மாத்திரை, ஸ்ட்ரா. ஸ்ட்ரா மறக்காதீர்கள், காலை இரண்டு மணியிலிருந்து எட்டு வரை உதட்டுச் சாயத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. மூன்று மணிக்கு இரண்டு இட்லி கட்டாயம் சாப்பிடுங்கள். ஊசி 60 வேண்டும், 70 வாங்கிவையுங்கள்.

செப்டம்பர் 2

போட்டோக்கள் வந்தன. வரவேற்பில் இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருக்கிறது, நீங்கள் சொல்லாவிட்டால் ஆள் போட்டது என்றே நினைத்திருப்பேன். முகூர்த்தத்தில் தாரை வார்க்கும்போது எடுத்த அந்தப் படத்தைத் தங்கைக்குக் காட்டினேன். மூக்கு நுனி சிவந்து, கண் நிறையத் தண்ணீர், மை கலையவில்லை, முகம் உங்கள் நிறத்திலேயே இருக்கிறது. அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்த மன்னார்குடி அக்காவின் நம்பர் கேட்டாள், அவள் நாத்தனாருக்குத் தையில் கல்யாணம்.

ஊசி கணக்கைத் திருத்திக்கொள்கிறேன். உங்கள் அம்மா பின்னலை அவிழ்த்து எண்ணியபோது 83 வந்ததாமே.